கோலாலம்பூரிலிருந்து தார் பாலைவனத்துக்குப் பறவை பார்க்கப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஏழு பேர். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், காஜாங் என்று நாலு பக்கமும் சிதறிக் கிடப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மட்டும் ஒன்றுசேர்ந்து, கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். ராஜஸ்தானில் உள்ள தார் பாலைவனத்துக்கு இரண்டு குளிர்காலம் போய்வந்தோம். திரும்பிய நாளிலிருந்து கோயிலில், கல்யாண வீட்டில், லிஃப்டில் என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலைவனத்தில் பறவையா? அங்கே என்ன இருக்கப்போகிறது?

முதல்முறை கிளம்பும்போது நானும் இதைத்தான் கேட்டேன். பாலைவனம் என்றதும் நம் கண்ணில் வருவது படத்தில் பார்த்த மணல்மேடும் ஒட்டகமும். தாரில் அப்படிப்பட்ட மணல்மேடு ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் சரளைக்கல் தரை, புதர்க்காடு, முழங்கால் உயரப் புல்வெளி, நடுநடுவே கம்பு விளையும் வயல், ஊர், குளம். உலகத்துப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கமாக வாழ்கிற பாலைவனம் இது.

நம் ஊர்க் காட்டில் பழகியவனுக்கு அங்கே முதல் நாள் கண் தெரியாது. நான் சொல்வது விளையாட்டில்லை. பிரேசர் மலையில் நாம் காதால்தான் பார்க்கிறோம். இலைக்குள் ஏதோ கீச்சிடும், கழுத்தை அண்ணாந்து தேடுவோம், ஒரு கூட்டமாகப் பத்து வகைப் பறவை வந்து நாலு நிமிடத்தில் போய்விடும். தாரில் அண்ணாந்து பார்க்க மரமே இல்லை. தரையைப் பார்க்க வேண்டும். முதல் நாள் காலை எங்கள் ஓட்டுநர் ஜீப்பை நிறுத்தி, கையை நீட்டி, "அதோ" என்றார். ஏழு பேரும் பார்த்தோம். கல், மண், கல், எருக்கஞ்செடி. ஒன்றுமில்லையே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கல் ஓடியது. பத்தடி ஓடி நின்றதும் மறுபடி கல்லாகிவிட்டது. வெளிர்மணல் நிறத்தில், புறாவைவிடச் சின்னதாக, நெட்டைக் காலோடு ஒரு கோர்சர் பறவை. கண்ணுக்குப் பின்னால் ஓடிய கறுப்புக் கோடு மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. அதற்கப்புறம் பார்த்தால் அதே இடத்தில் ஆறு நின்றுகொண்டிருந்தன!

எப்போது போக வேண்டும்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தீபாவளி முடிந்த கையோடு போனாலும் சரி, டிசம்பர் விடுமுறையில் போனாலும் சரி. மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாப் பக்கமிருந்தும் வலசை வருகிற பறவைகள் அப்போது அங்கே இருக்கும். ஜனவரி பிற்பாதியிலிருந்து ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசம் வந்துவிட்டால் எங்கள் குழுவில் பாதிப் பேர் பத்துமலையை விட்டு நகர மாட்டார்கள்.

ஏப்ரலுக்கு மேல் வேண்டவே வேண்டாம். தாரின் ஓரத்தில் உள்ள சூரு என்ற ஊர்ப் பக்கம் வெயில் 50 டிகிரியைத் தொட்ட ஆண்டுகள் உண்டு. அதோடு, கோடையும் மழைக்காலமும் கானமயில் (Great Indian Bustard) என்ற அழிந்துவரும் பெரிய புல்வெளிப் பறவை முட்டையிடும் காலம். அதைத் தொந்தரவு செய்யக் கூடாது.

கோலாலம்பூரிலிருந்து எப்படிப் போவது? எந்த வழி?

டில்லிக்கு நேர் விமானம் இருக்கிறது, ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து நாங்கள் வண்டி பிடித்துத் தால் சாப்பர், பீக்கானேர், கீசன், ஜெய்சல்மர் என்று மேற்கே போய், ஜோத்பூர் வழியாகத் திரும்பினோம். பத்து நாள். ஏழு நாளில் முடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் பறவையைவிட நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

செலவில் பெரிய பங்கு வண்டிக்குத்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி எடுத்தால் ஆளுக்குக் கையைக் கடிக்காது. ஆறு பேரை ஒரே ஜீப்பில் அடைக்க வேண்டாம். சன்னல் பக்கம் இல்லாதவர்களுக்குப் பறவையும் இல்லை. அப்புறம் சண்டைதான் வரும், எங்களுக்கு வந்தது.

அந்த ஊர்களில் என்ன பார்க்கலாம்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

தால் சாப்பர் சின்ன சரணாலயம், 7 சதுர கிலோமீட்டர் அளவுதான். தட்டையான புல்வெளி, அதில் வெளிமான் கூட்டம். சென்னை கிண்டியில் நிற்கிற அதே வெளிமான்தான். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் அந்தப் புல்லுக்குமேல் ஓர் ஆள் உயரத்தில் சாய்ந்து சாய்ந்து மிதக்கும். பொழுது சாயும்போது ஒவ்வொன்றாக வந்து தரையில், புல்லுக்குள் படுத்துக்கொள்ளும். பருந்து மரத்தில்தான் தூங்கும் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுசு.

பீக்கானேருக்குப் பக்கத்தில் ஜோர்பீர். செத்த மாடு, ஒட்டகங்களைக் கொண்டுவந்து போடுகிற இடம். நாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முகக்கவசம் உதவாது. ஆனால் பாறுக் கழுகு பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மஞ்சள்முகப் பாறு நூற்றுக்கணக்கில் கோழிபோல நடந்து திரியும். பக்கத்தில் கரும்பாறு, ஆளை மிரட்டுகிற உருவம். ஸ்டெப்பிக் கழுகுகள் மண்திட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் பாறுகள் 1990களில் கொத்துக்கொத்தாகச் செத்துப்போனதற்குக் காரணம், மாட்டுக்கு வலிமருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக். அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்த பிறகு. பள்ளிக்கூடத்தில் ஐந்திணை படித்தவர்களுக்கு நினைவிருக்கும், பாலைக்குரிய பறவைகளில் ஒன்று எருவை. பிரிவும் வெயிலும் பிணந்தின்னும் பறவையும். பாலை என்ற சொல் நம்மிடம் இரண்டாயிரம் வருடமாக இருக்கிறது, ஆனால் நாலு தலைமுறையாக மழைக்காட்டில் வாழ்கிற நமக்கு அந்தப் பறவையை ஜோர்பீரில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கீசன் பற்றித் தனியாக எழுதுகிறேன், கேள்வி கீழே இருக்கிறது. கடைசியில் ஜெய்சல்மர், அங்கேதான் தார் தேசியப் பூங்கா. 1980-இல் அறிவித்தது, 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில், கல்கௌதாரி, வானம்பாடியில் ஏழெட்டு வகை, பாலைவன வீட்டியர் (wheatear, தரையில் திரிகிற சின்னக் குருவி), எக்காளம் ஊதுவதுபோலக் குரல் கொடுக்கிற இளஞ்சிவப்புக் குருவி ஒன்று, லக்கர் வல்லூறு என்று பட்டியல் நீளும். வீட்டியர்களைப் பிரித்துச் சொல்வது தனிப் பாடம். வாலில் கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்போது அது பறந்துவிடும். நான் பாதியை எழுதாமல் விட்டுவிட்டேன்.

கானமயில் பார்த்தீர்களா?

எல்லோரும் கேட்பது இதுதான். முதல் பயணத்தில் இல்லை, இரண்டாவதில் பார்த்தோம்.

முதல்முறை ஒரு பயண முகவரிடம் ஏமாந்தோம். பெயர் வேண்டாம். "கானமயில் நிச்சயம்" என்று எழுத்தில் கொடுத்திருந்தார். நாங்கள் போய் இறங்கியது சாம் மணல்மேட்டில், கூடார விடுதி, ஒட்டகச் சவாரி, ராத்திரி பத்து மணி வரைக்கும் ஸ்பீக்கரில் பாட்டு. மறுநாள் காலையில் அவர் அனுப்பிய வழிகாட்டி எங்களுக்குக் காட்டிய "கானமயில்" ஒரு பெண் மயில்! எங்களில் ஒருவர் அழாத குறை. பறவை விஷயத்தில் நிச்சயம் என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது முறை பூங்காவின் சுதாசரிப் பகுதியில், உள்ளூர் வழிகாட்டியோடு, மூன்று காலை காத்திருந்தோம். இரண்டு காலை ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் எட்டு மணி வாக்கில் ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கிற தொலைநோக்கி) கண்ணை வைத்திருந்த அக்கா ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டார். பேச்சை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், சேவண் புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து. தலையில் கறுப்புத் தொப்பி. நிதானமாக, ஒவ்வொரு அடியாக, நிலத்தைச் சொந்தமாக வாங்கினவர் வேலியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி நடந்தது. ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ வரை இருக்கும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. இருபது நிமிடம் பார்த்தோம். அதற்குள் வெயில் ஏறி, கானல் எழும்பி, கழுத்து இரண்டாகி மூன்றாகிக் கரைந்துவிட்டது. என்னிடம் இருக்கிற புகைப்படத்தைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள்: ஒரு வெள்ளைப் புள்ளி.

மொத்தம் மிஞ்சியிருப்பதே ஏறத்தாழ 150தான், அதில் பெரும்பாலானவை அந்த ஜெய்சல்மர் வட்டாரத்தில். ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை அது.

ஏன் இவ்வளவு குறைந்துபோனது?

வேட்டை முன்பு ஒரு காரணம். இப்போது மின்கம்பி. கானமயிலுக்குக் கண் பக்கவாட்டில், முன்னால் பார்வை மோசம். உடம்போ கனம், திடீரென்று திரும்பவும் முடியாது. வெயிலும் காற்றும் நிறைய இருக்கிற நாடு என்று சூரிய மின்சாரமும் காற்றாலையும் அங்கே குவிந்தன. அவற்றின் கம்பிகள் இந்தப் பறவை பறக்கிற உயரத்தில். 2021-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிக் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. எல்லா இடத்திலும் அது நடக்காது என்று அரசு திரும்பப் போக, 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. பசுமை மின்சாரத்தை எதிர்க்கவும் முடியவில்லை, அது பறவையைக் கொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

இன்னொன்று, எனக்கு அதைவிட உறுத்துவது: வருவாய்த்துறைக் கணக்கில் இந்தப் புல்வெளிகளுக்குப் பெயர் தரிசு. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். நான் ஜீப்பிலிருந்து "ஒன்றுமில்லையே" என்றேனே, அதையேதான் அந்தப் பதிவேடும் சொல்கிறது.

கூண்டில் வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. சாமிலும் ராம்தேவ்ராவிலும் மையங்கள் இருக்கின்றன, முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். பெண் பறவை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்பதால் அவசரப்படுத்த வழியில்லை.

கீசன் கொக்குகள் பற்றி?

பலோடி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செப்டம்பரில் டெமாய்செல் கொக்குகள் வர ஆரம்பித்து மார்ச் வரை இருக்கும், ஆயிரக்கணக்கில். ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் குர்ஜா. மங்கோலியா, மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகின்றன. கிராமத்துக்கு நடுவில் வேலி போட்ட ஒரு திடலில் ஊர்மக்கள் தினமும் தானியம் இறைத்துவைக்கிறார்கள். சமணக் குடும்பங்கள் நிறைந்த ஊர், உயிருக்கு உணவிடுவது அவர்களுக்கு வழிபாடு மாதிரி.

விடியுமுன் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏறி உட்கார்ந்தோம். வீட்டுக்காரப் பாட்டி போர்வை கொடுத்தார். முதலில் சத்தம் மட்டும் வந்தது, தூரத்தில் யாரோ நூறு கதவை மெல்லத் திறப்பதுபோல. அப்புறம் வானத்தில் கோடு கோடாக. ஆனால் இறங்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு நாய் திடலின் ஓரத்தில் படுத்திருந்ததுதான் காரணம். ஒரு பையன் வந்து அதை விரட்டினான். ஒன்று இறங்கியது. பிறகு பத்து. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம், தரை முழுக்கச் சாம்பல் நிறம். பக்கத்து மாடியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வழக்கமான காலை.

2025-இல் கீசன், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மதியவாக்கில் கொக்குகள் ஊருக்கு வெளியே குளத்தில் தண்ணீர் குடிக்க வரும், அதையும் விடாதீர்கள். படம் எடுக்க அந்த நேரம்தான் நல்லது.

கல்கௌதாரி தண்ணீரை வயிற்றில் சுமந்து வருமாமே, உண்மையா?

உண்மை. வயிற்றுக்குள் இல்லை, வயிற்றுச் சிறகில். ஆண் பறவை தண்ணீரில் நெஞ்சை அமுக்கி உட்கார்ந்து சிறகை நனைத்துக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் பறந்துபோய்க் குஞ்சுக்குக் கொடுக்கும். குஞ்சுகள் அதன் வயிற்றுச் சிறகைச் சப்பிக் குடிக்கும். நாங்கள் போனது குஞ்சு பொரிக்கும் காலம் இல்லை என்பதால் அதைப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்பது மணி வாக்கில் கூட்டமாகத் தண்ணீருக்கு வருவதைப் பார்த்தோம். குட்டையிலிருந்து தள்ளி இறங்கி, அரை மணி நேரம் சும்மா நிற்கும். எல்லாம் சரி என்று தோன்றினால் ஓடிவந்து நாலே வாய் குடித்துவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிடும். யாராவது ஜீப்பை விட்டு இறங்கினால் அன்றைக்குத் தண்ணீரே குடிக்காமல் போய்விடும். ஓவியக் கல்கௌதாரி என்று ஒன்று உண்டு, அது இருட்டிய பிறகும் விடியுமுன்னும்தான் வரும்.

ஜீப்பை விட்டு இறங்கவே கூடாதா?

முடிந்தவரை வேண்டாம். ஒளிந்துகொள்ள மரமில்லாத இடத்தில் மனித உருவம் ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே தெரியும். வண்டியைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அவையே பக்கத்தில் வரும். பறவைக் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைக்கிற ப்ளேபேக் போட வேண்டாம், டிரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

என்ன பைனாகுலர், என்ன கேமரா?

எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற 8x42 பைனாகுலர் போதும். கையில் இருப்பதே போதும், புதிதாக வாங்க வேண்டாம். ஆனால் குழுவுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் நல்ல ட்ரைபாடும் கட்டாயம். தூரம் அதிகம். காலை பத்து மணிக்கு மேல் எவ்வளவு விலையுள்ள லென்ஸும் கானலுக்கு முன்னால் தோற்றுவிடும், அப்போது சாப்பிடப் போய்விடுங்கள்.

நம் ஊரில் ஈரத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று சிலிக்கா ஜெல் போட்டு வைப்போம். அங்கே எதிரி தூசி. வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். எங்கள் ஆளில் ஒருவர் மாற்றினார், திரும்பி வந்து சென்சார் சுத்தம் செய்யக் கொடுத்தார்.

குளிர் தாங்குமா?

நம் ஆட்கள் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் இது. பாலைவனம் என்றால் சூடு என்று ஒரு கேமரன் மலைச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள். ஜனவரி விடிகாலையில் ஜெய்சல்மரில் 7, 8 டிகிரி, சூரு பக்கம் பூஜ்யத்துக்கு இறங்குவதும் உண்டு. திறந்த ஜீப்பில் காற்று வேறு. கையுறை, காது மூடும் தொப்பி, உள்ளே ஓர் உல்லன். மதியம் 25 டிகிரி வரும், எல்லாவற்றையும் கழற்றுவீர்கள். உதடு வெடிக்கும், மூக்கு காயும், வேசலின் ஒரு டப்பா.

வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மலை ஏற வேண்டாம், அட்டை கடிக்காது, பெரும்பாலும் ஜீப்பில் உட்கார்ந்தே பார்ப்பது. எழுபதைத் தாண்டிய என் அம்மா இரண்டாம் பயணத்தில் வந்தார். ஓட்டுநர் எங்களை ஒரு பேச்சு பேசுவார், அம்மாவை மட்டும் "மாஜி" என்று பயபக்தியோடு கூப்பிட்டு, நல்ல இருக்கையும் முதல் டீயும் கொடுப்பார்.

ஒரே பிரச்சினை கழிப்பறை. வெட்டவெளியில் மறைவு இல்லை. எங்கள் பெண்கள் கண்டுபிடித்த வழி: பெரிய குடை இரண்டு, ஒரு துப்பட்டா, வண்டிக்குப் பின்பக்கம். ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைத்தால் அவரே வண்டியைச் சரியான கோணத்தில் நிறுத்திவிட்டு ஆண்களை அழைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துவிடுவார். தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தலைவலியில் நாளே போய்விடும்.

சாப்பாடு?

கம்பு ரொட்டி, பருப்பு, மோர்க்குழம்பு மாதிரி 'கடி' என்று ஒரு குழம்பு, நெய். எல்லாவற்றையும்விடக் கேர் சாங்க்ரி. கேர் என்பது முள்புதரின் காய். சாங்க்ரி என்பது வன்னி மரத்துக் காய், காயவைத்தது. ஆமாம், நம் கோயில் வன்னிதான். விஜயதசமிக்குக் கும்பிடுகிற மரத்தின் காயைக் கறி வைக்கிறார்கள் என்றதும் அம்மா ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அந்த மரத்தை வெட்டவந்தவர்களைத் தடுத்து 1730-இல் கேஜர்லி என்ற ஊரில் 363 பிஷ்னோய் மக்கள் (மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்டவர்கள்) உயிர்விட்டிருக்கிறார்கள். ஜோத்பூரிலிருந்து அந்த ஊர் பக்கம்தான், திரும்பும் வழியில் போய்ப் பாருங்கள்.

அனுமதி, விசா?

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா கிடைக்கும். தேசியப் பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், ஜெய்சல்மரிலேயே வாங்கலாம். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்கு வெளிநாட்டவர் முன்அனுமதி பெற வேண்டும். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். நம் முகத்தைப் பார்த்து வாசலில் உள்ளூர் சீட்டைக் கிழிப்பார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் காசு மிச்சம் என்று தோன்றும். எல்லைப்பகுதியில் அந்த மிச்சம் வேண்டாம், மலேசியா என்று சொல்லிவிடுங்கள். சொன்னாலும் நம்ப மாட்டார்கள், மெட்ராஸா என்று இன்னொரு தரம் கேட்பார்கள்.

அங்கே உள்ளூர்ப் பறவைக் குழுக்கள் உண்டா?

நமக்குப் பழக்கமான மாதிரி வாராவாரம் நடை நடத்துகிற குழுவை அந்தச் சிற்றூர்களில் தேட வேண்டாம். அங்கே பறவை தெரிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்கள், வனக்காவலர்கள், ஜீப் ஓட்டுநர்கள், பிஷ்னோய் இளைஞர்கள். கானமயிலுக்குக் கோடாவண் என்று அவர்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் முகம் மலரும், அது ராஜஸ்தானின் மாநிலப் பறவை. 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தியா முழுக்க இயங்குகிறது. பேர்ட் கவுண்ட் இந்தியா கூட்டமைப்பு நடத்துகிற கணக்கெடுப்புகளில் யாரும் சேரலாம். நீங்கள் போகிற இடத்தில் சென்ற வாரம் என்ன தெரிந்தது என்பதை இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். பறவையை அடையாளம் காட்டுகிற மெர்லின் செயலியில் இந்தியப் பறவைத் தொகுப்பைக் கோலாலம்பூரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே பல இடங்களில் சிக்னல் கிடையாது.

கோலாலம்பூரில் யாரோடு சேரலாம்? எங்கே பழகலாம்?

1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கம், எம்என்எஸ். சிலாங்கூர் கிளையில் பறவைக் குழு இருக்கிறது, பினாங்கிலும் கிளை உண்டு. நாங்கள் எல்லோரும் அங்கே கற்றுக்கொண்டவர்கள்தான். மார்ச் மாதம் தஞ்சோங் துவானில், சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வருகிற தேன்பருந்துகளை எண்ணப் போங்கள். தூரத்துப் புள்ளியைப் பறவையாக அடையாளம் காண அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தமிழில் பேசிக்கொண்டே பறவை பார்க்க ஆசையிருந்தால் பொங்கல் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அது அவர்கள் மாநிலத்துக்கானது. ஆனாலும் அதே நாட்களில் நாங்கள் ஏழு பேரும் இங்கே எண்ணுகிறோம், யாரும் கேட்காவிட்டாலும்.

வெட்டவெளிப் பழக்கத்துக்கு செக்கிஞ்சான் வயல், அறுவடை முடிந்தபின். நெட்டைக்காலிக் குருவிகள் கட்டாந்தரையில் எப்படி மறைகின்றன என்று பாருங்கள். கோல சிலாங்கூர் பூங்கா சதுப்பு, அது வேறு கணக்கு. எனக்குப் பிடித்தது பழைய ஈய லம்பம். ஈயம் எடுத்துவிட்டுக் கொட்டிய வெள்ளை மணல், நடுவில் குட்டை, ஓரத்தில் லாலாங் புல். மதிய வெயிலில் போனால் நம் நாட்டிலேயே ஒரு துண்டுப் பாலை. பஞ்சுருட்டான்கள் அந்த மணலில்தான் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. என் தாத்தா அந்த லம்பத்தில் வேலை செய்தவர்.

துபாயில் மச்சான் இருக்கிறார், அங்கே போனால் ஆகாதா?

ஆகும். ராஸ் அல் கோரில் நகரத்தின் கட்டடங்களுக்கு முன்னால் பூநாரைக் கூட்டம், அல் குத்ரா ஏரிகளிலும் குளிர்காலத்தில் நிறையக் கிடைக்கும். சாலை நன்றாக இருக்கும், கழிப்பறையும் இருக்கும். கானமயில் மட்டும் இருக்காது.

அங்கே காக்கா உண்டா?

இது அம்மா கேட்டது, கிளம்புவதற்கு முன்பே. பயணத்தின் நடுவில் அமாவாசை வந்தது. காக்கைக்கு வைக்காமல் அவர் சாப்பிட மாட்டார்.

நம் கிள்ளானில் இவ்வளவு காகம் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. 1890களில் காப்பித் தோட்டத்துக் கம்பளிப்பூச்சியைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவை. தோட்ட வேலைக்கு வந்து காப்பி போனபின்னும் இங்கேயே தங்கிவிட்டன, நம்மைப் போல.

தாரில் ஊர்களுக்குள் அதே காகம் உண்டு. ஆனால் அன்று காலை நாங்கள் நின்றது ஊரை விட்டு வெகுதூரம், சாலையோர டீக்கடை ஒன்றில். அம்மா ரொட்டியைப் பிட்டுக் கல்மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. ஓட்டுநர் டீயை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து மின்கம்பத்திலிருந்து தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு குரல், பிறகு பருந்தளவு கறுப்பாக ஒன்று இறங்கி நடந்து வந்தது. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் திரிகிற ரேவன் என்ற பெருங்காக்கை, மலேசியாவில் கிடையாது. எங்கள் எல்லோருக்கும் லைஃபர், வாழ்நாளில் முதல்முறை பார்க்கிற பறவை. எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் எழும்பின. அம்மா திரும்பி, "சும்மா இருங்க, அது சாப்பிடட்டும்" என்றார்.